இரண்டு விரல் கீழே

ஹம்னா பிறந்தபோது நான்கு கிலோ நூறு கிராம். குழந்தையைத் துணியில் சுற்றிக் கொடுத்த தாதி, "இது நடந்தே வந்திருக்கலாம்லா" என்று சொன்னாளாம். அவளுடைய உம்மா ரஷீதா இருபத்தைந்து ஆண்டுகளாக இதைச் சொல்லிக்கொண்டிருக்கிறாள். பெருநாளுக்கு வருகிறவர்களிடம் சொல்வாள். பெண் பார்க்க வந்தவர்களிடமும் ஒருமுறை சொன்னாள். அவர்கள் கோரெங் பீசாங் என்ற வாழைப்பழ பஜ்ஜியைச் சாப்பிட்டு முடித்துவிட்டு எழுந்து போனார்கள். அதன் பிறகு போன் வரவில்லை.

சிங்கப்பூரில், தோ பாயோவில் அவள் படித்த பள்ளியில் ஆண்டுக்கு இருமுறை எடை பார்ப்பார்கள். வகுப்பே வரிசையில் நிற்கும். தொடக்கநிலை ஐந்தில் அவள் எந்திரத்தின் மேல் ஏறியபோது பின்னாலிருந்த பிரேம் என்ற பையன், "டீச்சர், லிஃப்ட் மாதிரி மணி அடிக்குமா?" என்று கேட்டான். டீச்சரும் சிரித்துவிட்டார். மறுநாள் ஹம்னாவின் அண்ணன் யாசர் பள்ளி வாசலில் காத்திருந்தான். அவன் அவளைவிட ஆறு வயது மூத்தவன். பிரேமை அவன் அடிக்கவில்லை. அவனுடைய விரிந்த காதுகளை நிதானமாகப் பார்த்து, கூட்டாளிகள் கேட்கும்படி, "காத்தடிச்சா நேரா ஜொகூர் போயிடுவே தம்பி. பாஸ்போர்ட் வச்சிருக்கியா?" என்றான். பள்ளி முடிகிறவரை பிரேமுக்குப் 'பாஸ்போர்ட்' என்றுதான் பெயர். வீடு திரும்பும் வழியெல்லாம் ஹம்னா அண்ணனின் சுண்டுவிரலைப் பிடித்துக்கொண்டு நடந்தாள். உலகத்தில் தன் பக்கம் ஒரு நாக்கு இருக்கிறது என்பது அவளுக்கு அன்று போதுமாக இருந்தது.

யாசர் உயர்நிலை நான்கோடு படிப்பை நிறுத்தி ஏர்கான் பொருத்தும் வேலைக்குப் போனான். ஹம்னா முதியோர் இல்லம் ஒன்றில் உதவியாளரானாள். படுக்கையிலிருந்து ஆட்களைத் தூக்கி நாற்காலியில் வைப்பதும், நாற்காலியிலிருந்து தூக்கிக் கழிப்பறையில் வைப்பதும் அவள் வேலை. அங்கே ஒரு கிழவர் தினமும் அவளைப் பார்த்ததும், "லாரி வந்தாச்சு, சாமானை ஏத்துங்க" என்பார். அவள் முழங்காலை மடக்கி, அவரை இடுப்போடு அணைத்து, ஒரு பூவைப் போல எடுத்து வைப்பாள். அவர் நன்றி சொன்னதில்லை. மற்ற உதவியாளர்களுக்கு ஆறு மாதத்தில் முதுகு போயிற்று. அவளுக்குப் போகவில்லை. இதை முதலில் கவனித்தது யாசர்தான்.

"நீ குண்டு இல்ல புள்ள," என்றான் ஒருநாள். "நீ பலம். எங்க வைக்கிறதுன்னு தெரியாம உடம்பெல்லாம் வச்சிருக்கே."

டன்லப் தெருவில் ஒரு மசாலாக் கடைக்கு மேலே நெய்னா முகம்மதுவின் ஜிம் இருந்தது. கீழே மிளகாய் அரைத்தால் மேலே எல்லோரும் இருமுவார்கள். அங்கிருந்த இரண்டு ஏர்கான்களையும் யாசர் சும்மா பார்த்துக் கொடுத்ததால் நெய்னா அவனிடம் ஒரு சாவியைக் கொடுத்திருந்தார். காலை ஐந்தரையிலிருந்து ஏழு வரை அந்த இடம் அண்ணன் தங்கைக்கு. உம்மா இரண்டு நிபந்தனைகளோடு சம்மதித்தாள். உடுப்பு தொளதொளவென்று முழங்கால்வரை இருக்க வேண்டும். யாரும், யாசர் உட்பட, போனில் படம் எடுக்கக் கூடாது.

யாசர் எதையும் அரைகுறையாகச் செய்ய மாட்டான். சுவரில் ஏர்கான் பெட்டி மாட்டும்போது மற்றவர்கள் கண்ணளவில் மாட்டுவார்கள். அவன் ரசமட்டம் வைத்து, குமிழி நடுவில் நிற்கிறவரை ஆணி அடிக்க மாட்டான். தங்கைக்குத் தோளில் எடை ஏற்றிக் குந்தி எழச் சொல்லிக் கொடுத்ததும் அப்படித்தான். எடைத் தட்டுகள் மாட்டிய இரும்புப் பார் கழுத்தில் கிடக்கக் கூடாது, தோள்பட்டைகளை இறுக்கினால் முதுகின் மேலே ஒரு மேடு எழும், அதில் கிடக்க வேண்டும். மூச்சை நெஞ்சுக்கு இழுக்காமல் வயிற்றுக்கு இழுத்து, யாரோ குத்த வருவதுபோல் அடைத்துக்கொள்ள வேண்டும். முழங்கால்கள் கால்விரல் போகிற திசையிலேயே போக வேண்டும், உள்ளே சாயக் கூடாது. குதிகால் தரையை விட்டு ஒரு தாள் நுழையும் அளவுகூட எழும்பக் கூடாது. உண்மையிலேயே ஒரு தாளைக் கொண்டுவந்து செருகிப் பார்ப்பான்.

எல்லாவற்றுக்கும் மேலே ஆழம். தொடையும் இடுப்பும் மடிகிற இடம் முழங்காலின் மேட்டுக்குக் கீழே போக வேண்டும். போட்டியில் அதுதான் சட்டம். கொஞ்சம் கீழே போனால் போதும். ஆனால் யாசரின் சட்டம் இரண்டு விரல் கீழே.

அதை அளக்க அவன் ஒரு வழி செய்தான். ஹம்னா குந்தி அடியில் இருக்கும்போது முழங்கால் எந்த உயரத்தில் இருக்கிறதோ, அந்த உயரத்தில் பாரைத் தாங்கும் இரும்புச் சட்டத்தின் ஒரு பக்கத்து இரண்டு கால்களுக்கும் நடுவே ஒரு மஞ்சள் நைலான் நூலை ரசமட்டம் பார்த்துக் கட்டினான். அவளுடைய மேலுடுப்பில், தொடை மடிகிற இடத்துக்கு நேராக, ஒரு பச்சைத் தலை ஊக்கு. பக்கத்தில் பெயின்ட் டின்னைக் கவிழ்த்துப் போட்டு உட்கார்ந்து, ஒரு கண்ணை மூடி, ஊக்கு நூலுக்கு இரண்டு விரல் கீழே இறங்குகிறதா என்று பார்ப்பான். இறங்கினால் "ஆச்சு." இறங்காவிட்டால் "இல்ல." வேறு பேச்சு கிடையாது.

ஊக்கை எங்கே குத்துவது என்று அவள் முதல் நாள் கேட்டபோது அவன் சுவரில் இருந்த கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டு, "அதான்... கால் மடியிற இடம் இருக்குல்ல. அங்க" என்றான். அவள் கழிப்பறைக்குப் போய்த் தானே குத்திக்கொண்டு வந்தாள். அதன் பிறகு அதைப் பற்றி இருவரும் பேசியதில்லை. அவன் அந்த ஊக்கைத் தவிர அவள் உடம்பில் வேறெதையும் பார்த்ததும் இல்லை.

பதினான்கு மாதம். அறுபது கிலோ, எண்பது, நூறு. ஒவ்வொரு நாளும் ஒரு கோடு போட்ட நோட்டில் தேதி, எடை, எத்தனை முறை, பக்கத்தில் ஒரு சரி. யாசரின் கையெழுத்து பள்ளிப் பிள்ளையின் கையெழுத்துப்போல் பெரிதாக, ஒன்றோடொன்று ஒட்டாமல் இருக்கும். நூற்றிருபது கிலோவுக்குச் சரி போட்ட நாளில் அவன் பேனாவை மூடினான். பிறகு கீழே போய் இழுத்து ஆற்றிய தே தாரிக் டீ இரண்டு வாங்கி வந்தான். அவனிடமிருந்து அது பெரிய பாராட்டு.

அந்தச் சமயத்தில்தான் தமன்னா வந்தாள். பக்கத்துத் தெருவில் கண்ணாடிக் கடையில் வேலை. ஏழு மணிக்குள் பயிற்சியை முடிக்க வேண்டும் என்று நெய்னாவிடம் கேட்டு, காலை நேரத்தில் சேர்ந்தாள். ஒல்லியான உடம்பு, நீண்ட கால்கள். அவளால் ஆழமாக இறங்க முடியவில்லை. அவள் குந்தும்போதெல்லாம் யாசர் கேட்காமலே, "இல்ல" என்பான். "அது குந்துறது இல்ல, பஸ் ஸ்டாப்ல பஸ் வருதான்னு எட்டிப் பாக்குறது." ஹம்னா சிரிப்பாள்.

ஒரு மாதம் கழித்து, உடுப்பு மாற்றும்போது தமன்னா தயங்கியபடி சொன்னாள்: "ஹம்னா, தப்பா நினைக்காதே. உன் ஊக்கு தொங்குது."

"என்ன?"

"நீ இறங்கும்போது துணி சரியுது. ஊக்கு துணியோட கீழ போயிடுது. நீ போகல. பின்னால நின்னு பார்த்தேன். ஒரு தடவை டைட்ஸ் போட்டுக் குந்திப் பாரேன்."

ஹம்னாவின் முகம் சூடேறியது. இரண்டு மாதம் கழித்துப் போட்டி. தமன்னாவும் பெயர் கொடுத்திருந்தாள், அதே எடைப் பிரிவில் இல்லாவிட்டாலும் அதே மேடையில். பொறாமை என்று ஹம்னா தனக்குச் சொல்லிக்கொண்டாள். சொல்லிக்கொண்டது போதாமல், வெளியே வந்ததும் அண்ணனிடமும் சொன்னாள்.

மறுநாள் தமன்னா பாரைத் தோளில் ஏற்றி இரண்டடி பின்னால் வந்து நின்றபோது, யாசர் மூலையிலிருந்த சிவப்புப் பிளாஸ்டிக் நாற்காலியைத் தூக்கி வந்து அவளுக்குப் பின்னால் வைத்தான். அன்று நெய்னாவும் சீக்கிரம் வந்திருந்தார், கூட அவருடைய கூட்டாளிகள் மூன்று பேர்.

"உக்காருங்க மேடம்," என்றான் யாசர். "டீ வருது."

ஆண்கள் நால்வரும் சிரித்தார்கள். ஹம்னாவும் சிரித்தாள், எல்லோரையும்விட ஒரு கணம் அதிகமாக. தமன்னா பாரைத் திரும்ப வைத்தாள், பையை எடுத்தாள், படியிறங்கினாள். பிறகு வரவில்லை. கேலாங் பக்கம் வேறு ஜிம்முக்குப் போவதாக நெய்னா சொன்னார். "வாயாய்யா அது உனக்கு? ஒரு மெம்பர் போச்சு," என்று யாசரைத் திட்டினார். ஆனால் அவரும்தான் சிரித்தார்.

போட்டி ஒரு ஞாயிற்றுக்கிழமை, கேலாங்கில் ஒரு சமூக மன்ற மண்டபத்தில். குந்து எடைக்கு மட்டுமேயான சிறிய போட்டி. மூன்று நடுவர்கள். ஒவ்வொருவருக்கும் ஒரு விளக்கு. இரண்டு வெள்ளை எரிந்தால் கணக்கு. ஒருவருக்கு மூன்று வாய்ப்பு. முதல் எடையை ஆளுக்காள் தாங்களே எழுதிக் கொடுக்கலாம்; ஆனால் ஒருமுறை மேடை ஏறியபின் அதைக் குறைக்க முடியாது. தோற்றால் அதே எடை, அல்லது அதற்கு மேல்.

"தொண்ணூறு எழுது," என்றார் நெய்னா. "முதல் வாய்ப்பு கையில வச்ச பழம் மாதிரி இருக்கணும்."

"நூத்தஞ்சு," என்றான் யாசர். "மாமா, நூத்திருபது பண்ற புள்ளை. முதல்லயே மத்தவங்க மூச்சு நிக்கணும்." அட்டையில் பெரிய எண்களாக எழுதிக் கொடுத்தான்.

போட்டி விதிப்படி உடம்போடு ஒட்டிய உடுப்புதான். தலையை மூடலாம், கை கால்களை மூடலாம், ஆனால் தொங்கக் கூடாது. வீட்டில் ஒரு வாரம் சண்டை நடந்தது. கடைசியில் உம்மா, "மேடைக்குப் போற வரைக்கும் துப்பட்டியால போத்திக் கூட்டிட்டுப் போ" என்று மகனிடம் சொன்னாள். அப்படியே செய்தான். பெயரைக் கூப்பிட்டதும் துப்பட்டியை வாங்கிக்கொண்டு, உடனே முகத்தைத் திருப்பிக்கொண்டான். தங்கையைப் பார்க்க முடியாத அந்த நேரத்தில் அவன் பார்த்தது எதிர்ச்சுவரில் இருந்த மூன்று விளக்குகளை மட்டும்.

ஹம்னா தோள்களை இறுக்கினாள், மூச்சை அடைத்தாள், இறங்கினாள், எழுந்தாள். லேசாக இருந்தது. கூட்டத்தில் யாரோ "வாவ்" என்றார்கள். அவள் பாரை வைத்துவிட்டு அண்ணனைப் பார்த்துச் சிரித்தாள். அவன் முகம் சிவந்திருந்தது. அவன் முகத்தில் விழுந்தது விளக்கின் நிறம்.

மூன்றும் சிவப்பு.

"ஆழம் போதலை," என்றார் முடிவு குறிக்கும் மேசையில் இருந்தவர்.

"கண்ணு தெரியலையா இவங்களுக்கு?" யாசரின் குரல் மண்டபத்துக்கே கேட்டது. "பதினாலு மாசமா ரெண்டு விரல் கீழ போற புள்ளை!" ஒருவர் அவன் தோளைத் தொட்டு உட்காரச் சொன்னார். நடுவில் இருந்த நடுவர் ஓர் அம்மாள். அவர் தன் இரண்டு விரல்களைச் சேர்த்துக் காட்டி, அதை மேலே தூக்கினார். இரண்டு விரல் மேலே.

ஹம்னாவுக்கு அப்போது புரிந்தது. ஊக்கு தொங்குது. நீ போகல. அந்தச் சொற்கள் தமன்னாவின் குரலிலேயே வந்தன. அண்ணனிடம் சொல்ல வாய் திறந்தாள். அவன் துப்பட்டியை நீட்டிக்கொண்டு, எங்கோ பார்த்துக்கொண்டு, "இவனுங்க கண்ணைக் குத்துற மாதிரி இறங்கு" என்றான். அவள் வாயை மூடிக்கொண்டாள்.

இரண்டாம் முறை அவள் உடம்பு வழக்கமாக நிற்கிற இடத்தைத் தாண்டி இறங்கினாள். கொஞ்சம்தான். அதற்கே அடிவயிறு நடுங்கியது. ஒரு வெள்ளை, இரண்டு சிவப்பு.

மூன்றாம் முறைக்கு முன் அவள் தெளிவாக இருந்தாள். எண்பத்தைந்து என்றால் முடியும். எண்பத்தைந்து கிடைக்காது. நூற்றைந்தில் இரண்டு வெள்ளை விளக்குகளை வாங்காவிட்டால் பதினான்கு மாதத்தில் அவள் ஒருமுறைகூடக் குந்தவில்லை என்று அர்த்தம். அவள் இறங்கினாள். பழகிய இடம் வந்தது, தாண்டினாள். இரண்டாவது இடம் வந்தது, தாண்டினாள். அதற்கும் கீழே அவள் இதுவரை போகாத இடம் ஒன்று இருந்தது. அங்கே போனாள். நடு நடுவரின் தலை, ஆம் என்பதுபோல், லேசாக அசைந்ததைக்கூடப் பார்த்தாள். சட்டப்படியான ஆழம். அவள் வாழ்க்கையில் முதல் முறை.

எழ முடியவில்லை. தொடைகள் கிடுகிடுவென ஆடின. பார் முதுகிலிருந்து கழுத்துக்கு உருண்டது. பக்கத்தில் நின்ற மூன்று பேர் அதைப் பிடித்துத் தூக்கினார்கள். மண்டபம் கைதட்டியது, தோற்றவர்களுக்குத் தட்டுகிற கைதட்டல். அறிவிப்பாளர் பட்டியலிலிருந்து அவள் பெயர் நீக்கப்பட்டதாக வாசித்தார்.

கொஞ்ச நேரத்தில் தமன்னா எண்பது கிலோவில் மூன்று வெள்ளை வாங்கினாள். நீண்ட கால்கள், நிதானமான இறக்கம். யாருடைய விரலும் தேவைப்படாத ஆழம்.

பின்கட்டில் ஹம்னா சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றாள். யாசர் அருகில் துப்பட்டியை மடித்துக்கொண்டிருந்தான், முனையோடு முனை சேர்த்து, திரும்பத் திரும்ப. தமன்னா ஒரு வெள்ளைப் பிளாஸ்டிக் நாற்காலியோடு வந்தாள். அதை ஹம்னாவுக்குப் பின்னால் வைத்தாள். சரியாக இருக்கிறதா என்று ஒருமுறை பார்த்து, அரை அடி நகர்த்தினாள்.

"உக்காருங்க மேடம்," என்றாள். "டீ வருது."

யாசர் வாயைத் திறந்தான். பிரேமின் காதுகளைக் கண்டபோது வந்த நாக்கு, நூறு பேரை வாயடைத்த நாக்கு, ஒன்றும் கொண்டுவரவில்லை. ஹம்னாவின் கால்கள் அவள் பேச்சைக் கேட்கவில்லை. அவள் உட்கார்ந்தாள். தமன்னா திரும்பிப் பார்க்காமல் போனாள்.

"நானா," என்று அண்ணனைக் கூப்பிட்டாள் ஹம்னா. "அவ அன்னிக்கே சொன்னா. ஊக்கு தொங்குதுன்னு. உங்ககிட்டயும் சொன்னேன்."

"பொறாமைல சொல்றான்னு சொன்னே."

"ஆமா. நான் சொன்னேன். நீங்க ஒரு தடவை பாத்திருக்கலாம்."

"எப்படிப் பாக்கச் சொல்றே?" என்றான் அவன், தரையைப் பார்த்து. "நான் உன் அண்ணன்லா."

வீட்டில் உம்மா கதவைத் திறந்ததும் முதலில் கைகளைப் பார்த்தாள். "என்ன, வெறுங்கையா? அத்தனை ஆம்பளைங்க முன்னால குந்தி எந்திரிச்சதுக்கு ஒரு சின்னக் கப்பு கூடக் குடுக்கலியா?"

"எந்திரிக்கல உம்மா," என்றாள் ஹம்னா. "குந்தினதோட சரி."

மறுநாள் காலை யாசர் ஜிம்முக்கு வருவான் என்று அவள் நினைக்கவில்லை. ஐந்தரைக்கு அவன் கதவைத் திறந்துவைத்துக் காத்திருந்தான். நூலை அவிழ்த்து, மறுபடி ரசமட்டம் வைத்துக் கட்டியிருந்தான். தவறு நூலில் இருந்திருக்கக் கூடாதா என்ற ஆசை அவன் முகத்தில் தெரிந்தது. குமிழி நடுவில்தான் நின்றது.

ஹம்னா மேலங்கியைக் கழற்றி ஆணியில் மாட்டினாள். உள்ளே போட்டி உடுப்பு. யாசர் கடிகாரத்தைப் பார்த்தான்.

"ஊக்கு எங்க?" என்றான்.

"ஊக்கு இல்ல. இந்த இடம்." தொடை மடிகிற இடத்தில் தன் ஆள்காட்டி விரலை வைத்தாள். "பாருங்க."

"ஹம்னா..."

"நீங்க பாக்காம நான் இறங்க மாட்டேன். முதியோர் இல்லத்துல அத்தனை கிழவன்களும் பாக்கறானுங்க. மேடையில ஊரே பாத்துச்சு. நீங்க மட்டும் கடிகாரத்தையும் விளக்கையும் பாத்தீங்க. பாருங்க நானா."

அவன் கழுத்து மெதுவாகத் திரும்பியது. பார்த்தான். காதுமடல்வரை ரத்தம் ஏறியது. அவன் சிவப்பு நாற்காலியை இழுக்கக் கையை நீட்டினான்.

"அதுல வேணாம். டின்லயே உக்காருங்க."

உட்கார்ந்தான். எத்தனை தட்டு ஏற்றுவது என்று கேட்டான். ஒன்றும் வேண்டாம் என்றாள். வெறும் பார், இருபது கிலோ. இல்லத்துக் கிழவரின் ஒரு கால் அளவு. அவள் அதைத் தோளில் ஏற்றி, மூச்சை அடைத்து இறங்கினாள். பதினான்கு மாதம் பழகிய இடத்தில் உடம்பு தானே நின்று திரும்பியது.

யாசர் நூலையே பார்த்துக்கொண்டிருந்தான்.

"சொல்லுங்க."

"இல்ல," என்றான்.

மறுபடி இறங்கினாள்.

"இல்ல."

"தமன்னாகிட்ட சொன்ன மாதிரி சொல்லுங்க. பஸ் வருதான்னு எட்டிப் பாக்கறேனா?"

அவள் பாரோடு நின்றாள், அவன் சொல்கிறவரை அசையப்போவதில்லை என்பதுபோல. வியர்வை அவள் கண்ணுக்குள் இறங்கியது. கீழே மசாலாக் கடையின் இரும்புக் கதவு திறக்கும் சத்தம் கேட்டது.

"எட்டிப் பாக்கறே," என்றான் யாசர்.

"ம்."

மூன்றாம் முறை அவள் மிக மெதுவாக இறங்கினாள். பழகிய இடத்தைத் தாண்டினாள். நேற்று கண்ட அந்த இடத்துக்குப் போனாள். அங்கே ஒரு மூச்சு நேரம் இருந்தாள். எழுந்தாள்.

"ஆச்சு," என்றான் யாசர்.

அவள் பாரை வைத்துவிட்டு அவனுடைய நோட்டை எடுத்து அவன் மடியில் போட்டாள். மேலே பேனா.

"முதல் பக்கத்துலேர்ந்து," என்றாள். "சரி போட்டதையெல்லாம் அடிங்க. வாய்விட்டுப் படிச்சு அடிங்க."

அவன் பையிலிருந்து சிறிய அளவுகோலை எடுத்தான். அடிப்பதையும் அவனால் கோணலாகச் செய்ய முடியாது. தேதி, எடை, எத்தனை முறை என்று ஒவ்வொரு வரியாகப் படித்து, அளவுகோலை வைத்துக் கோடு போட்டான். அறுபது. அறுபத்தைந்து. எண்பது. நூறு. கீழே மிளகாய் அரைக்கத் தொடங்கினார்கள். இருவரும் இருமினார்கள். அவன் நிறுத்தவில்லை, அவளும் நிறுத்தச் சொல்லவில்லை. தே தாரிக் வாங்கிய நாளின் வரிக்கு வந்தபோது அவன் தலை நிமிர்ந்து அவளைப் பார்த்தான்.

"அதையும்," என்றாள் ஹம்னா.

அதையும் அடித்தான். பிறகு ஒரு புதுப் பக்கத்தைத் திருப்பி, அன்றைய தேதியை எழுதி, பெரிய, ஒட்டாத எழுத்துகளில் பதிந்தான்: இருபது கிலோ, ஒருமுறை. பக்கத்தில் ஒரு சரி.